உறக்கத்தை அளக்கும் கருவிகள்: எதுவரை நம்பலாம்?

காலையில் எழுந்தவரைப் பார்த்து, "இரவு நன்றாக உறங்கினீர்களா?" என்று வினவுவது நம் இல்லங்களின் பழைய வழக்கம். வினவப்பட்டவர் தம் உடலின் நிலையையும் மனத்தின் தெளிவையும் ஒரு நொடி எண்ணிப் பார்த்து விடை சொல்வார். இன்றோ அவ்வினாவுக்கு விடை பகருமுன் கைப்பேசியைத் திறந்து பார்ப்பவர்கள் பெருகி வருகின்றனர். மணிக்கட்டில் கட்டிய கடிகாரமோ, விரலில் அணிந்த மோதிரமோ இரவு முழுதும் அவர்களைக் கவனித்து, இத்தனை மணி நேரம் உறக்கம், அதில் ஆழ்ந்த உறக்கம் இவ்வளவு, கனவு உறக்கம் இவ்வளவு, மொத்த மதிப்பெண் 82 என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் பிள்ளைகள், விடுமுறையில் வரும்போது பெற்றோருக்கு இத்தகைய கருவிகளை அன்போடு வாங்கி வருகின்றனர். ஆகவே, "இவற்றுள் எது சிறந்தது? எதை வாங்கலாம்?" என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்துள்ளது. இம்மாதம் அதனையே ஆராய்வோம். ஆனால் எது சிறந்தது எனக் கேட்குமுன், இவை எதை அளக்கின்றன என்பதை அறிந்துகொள்வது முறையாகும்.

உண்மையான அளவுகோல்

உறக்கம் என்பது முதன்மையாக மூளையின் செயல். செருமனி நாட்டின் யேனா நகரில் மனநல மருத்துவராக விளங்கிய ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் அதனை உலகுக்கு வெளியிட்டார். உறங்கும்போது அவ்வலைகள் படிப்படியாக மாறுகின்றன என்பது 1930-களில் தெளிவாயிற்று. 1953-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் ஆகிய இருவரும், உறக்கத்தினிடையே மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் காலங்கள் உண்டு என்றும், அக்காலங்கள் கனவோடு தொடர்புடையவை என்றும் எடுத்துக்காட்டினர். 1968-இல் உறக்க நிலைகளைப் பிரித்தறிவதற்கான பொதுவிதிகள் நூலாக வகுக்கப்பட்டன. 2007-இல் அவை திருத்தியமைக்கப்பட்டன.

இன்று உறக்க ஆய்வுக்கூடத்தில் ஒருவரைப் படுக்கவைத்துத் தலை, கண்ணோரம், மோவாய், மார்பு, கால் ஆகிய இடங்களில் மின்முனைகளை ஒட்டுகின்றனர். மூக்கின் காற்றோட்டத்தையும், மார்பு வயிறு ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தையும், இரத்தத்தின் உயிர்வளி அளவையும் பதிவு செய்கின்றனர். இதற்குப் பாலிசோம்னோகிராஃபி என்று பெயர். பயிற்சி பெற்றவர்கள் அப்பதிவை 30 நொடிக்கு ஒரு துண்டாக நோக்கி, விழிப்பா, மென்மையான உறக்கமா, ஆழ்ந்த உறக்கமா, கனவு உறக்கமா எனக் குறிக்கின்றனர். ஏனைய கருவிகள் யாவும் இவ்வளவுகோலோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகின்றன.

இவ்வளவுகோலும் குறையற்றதன்று என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. ஒரே பதிவை 2,500-க்கும் மேற்பட்டோர் பார்த்துக் குறித்ததை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அவர்களிடையே காணப்பட்ட சராசரி ஒப்புமை 82.6 விழுக்காடே. கற்றறிந்தோரே இவ்வாறு வேறுபடும்போது, மோதிரம் நிமிடக் கணக்கில் சொல்வதைக் கல்லின்மேல் எழுத்தெனக் கொள்வது தகுமா?

கடிகாரம் காண்பது என்ன?

மணிக்கட்டுக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் மூளையின் அலைகள் எட்டுவதில்லை. அவை இரண்டை மட்டுமே உணர்கின்றன. ஒன்று உடலின் அசைவு. மற்றொன்று நாடித்துடிப்பு. தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் குருதி பெருகிக் குறைவதால் திரும்பிவரும் ஒளி மாறுபடுவதைக் கொண்டு துடிப்பை எண்ணுகின்றன. சில கருவிகள் தோலின் வெப்பத்தையும் உயிர்வளி அளவையும் சேர்த்துக்கொள்கின்றன. இவற்றைக் கொண்டு, "இவர் இந்நேரம் இந்நிலையில் உறங்கியிருக்கக்கூடும்" எனக் கணக்கிட்டு ஊகிக்கின்றன. ஆகவே நாம் காணும் 'ஆழ்ந்த உறக்கம்' என்ற சொல், நேரில் கண்டறிந்த செய்தியன்று. அது ஓர் ஊகத்தின் பெயர்.

அசைவைக் கொண்டு உறக்கத்தை அறியும் முறை புதியதன்று. மணிக்கட்டுக் கருவியின் பதிவிலிருந்து உறக்கத்தையும் விழிப்பையும் பிரிக்கும் கணக்கு முறைகள் 1992-இலும் 1994-இலும் வெளியாகி மருத்துவர்களால் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. அம்முறையின் குறையும் அன்றே அறியப்பட்டது. விழித்தவாறே அசையாது கிடப்பவரை அது உறங்குபவராகவே எண்ணிக்கொள்ளும்.

இக்குறையை விளக்க ஓர் எளிய கணக்கைச் சொல்வோம். ஒருவர் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம், படுக்கையில் கிடக்கிறார். அதில் 420 நிமிடம் உறங்குகிறார். 60 நிமிடம் விழித்திருக்கிறார். தலையணைக்கடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து, "இக்கல் எப்போதும் 'உறக்கம்' என்றே சொல்லும்" எனக் கொள்வோம். உறங்கிய 420 நிமிடங்களையும் அக்கல் சரியாகச் சொல்லிவிட்டது! மொத்தத்தில் 87.5 விழுக்காடு சரி. ஆனால் விழித்திருந்த 60 நிமிடங்களுள் ஒன்றைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. எனவே விளம்பரங்களில் பெரிய விழுக்காட்டைக் காணும்போது, "உறக்கத்தை அறிவதில் எவ்வளவு? விழிப்பை அறிவதில் எவ்வளவு?" என இரு கேள்விகளையும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒப்பீடுகள் கூறுவன

இவ்விரு கேள்விகளையும் கேட்ட ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவின் சான்டியாகோ நகரிலுள்ள கடற்படை நலவாழ்வு ஆய்வு மையத்தார், விற்பனையிலுள்ள ஏழு கருவிகளை உடல்நலம் உள்ள 34 இளையோரிடம் மூன்று இரவுகள் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். ஃபிட்பிட், கார்மின் ஆகிய நிறுவனங்களின் மணிக்கட்டுக் கருவிகளும், உடலில் அணியாது படுக்கையில் அல்லது அதனருகில் வைக்கும் கருவிகளும் அவற்றுள் இருந்தன. உறங்கிய நேரத்தை எல்லாக் கருவிகளும் 93 விழுக்காட்டுக்குக் குறையாமல் சரியாகக் கண்டன. விழித்த நேரத்தைக் கண்டறிந்ததோ 18 முதல் 54 விழுக்காடு வரையில் மட்டுமே. உறக்கம் கலைந்த இரவுகளில் அவற்றின் பிழையும் மிகுந்தது. நன்றாக உறங்குபவரிடம் நன்றாக அளக்கும் கருவி, உறக்கமின்றித் தவிப்பவரிடம் தடுமாறுகிறது. யாருக்கு அளவு மிகவும் தேவையோ அவரிடமே அது பிழைபடுகிறது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

அடுத்து, பாஸ்டன் நகரின் பிரிகாம் பெண்கள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஒப்பீடு. ஓரா மோதிரத்தின் மூன்றாம் வடிவம், ஃபிட்பிட் சென்ஸ் 2, ஆப்பிள் வாட்ச் எட்டாம் வரிசை ஆகிய மூன்றையும், உறக்கக் கோளாறு இல்லாத 35 பேர் ஓர் இரவு அணிந்து ஆய்வுக்கூடத்தில் உறங்கினர். உறக்கத்தை அறிவதில் மூன்றும் 95 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. உறக்க நிலைகளைப் பிரிப்பதில் வேறுபாடு தோன்றியது. நிலைக்கேற்ப ஓரா 76 முதல் 79.5 விழுக்காடும், ஃபிட்பிட் 61.7 முதல் 78 விழுக்காடும், ஆப்பிள் 50.5 முதல் 86.1 விழுக்காடும் சரியாகக் கண்டன. ஆழ்ந்த உறக்கத்தை ஆப்பிள் சராசரியாக 43 நிமிடமும், ஃபிட்பிட் 15 நிமிடமும் குறைத்துக் காட்டின. ஓராவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதைக் கண்டு மோதிரமே வென்றது எனச் சிலர் முடிவு கட்டக்கூடும். ஆனால் அவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தது அம்மோதிரத்தை விற்கும் நிறுவனமே. அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. எனினும் தீர்ப்பளிக்குமுன் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. அன்றியும், சோதிக்கப்பட்டவர்கள் உறக்க நோய் இல்லாதவர்கள். 20 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள். நம் இல்லத்து முதியவருக்கு இம்முடிவுகள் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. மற்றொன்று: ஒவ்வொரு நிறுவனமும் தன் மதிப்பெண்ணைத் தனக்கே உரிய முறையில் கணக்கிடுகிறது. தந்தையின் கடிகாரம் காட்டும் 80-ஐயும், மகளின் மோதிரம் காட்டும் 75-ஐயும் ஒப்பிடுவது, படியையும் முழத்தையும் ஒப்பிடுவது போன்றதாகும்.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

கருவியின் விலை மட்டுமே செலவன்று. ஓரா மோதிரத்தின் எல்லா விவரங்களையும் காணவும், திரையில்லாத வூப் பட்டையைப் பயன்படுத்தவும் தொடர்ந்து சந்தா செலுத்தவேண்டும். கடிகாரங்கள் பலவற்றில் உறக்கத்தைக் காணத் தனிச்சந்தா இல்லை. ஆயினும் சிலவற்றை அடிக்கடி மின்னேற்ற வேண்டியிருப்பதால், இரவில் கழற்றி வைக்கும் நிலை நேரிடும். மோதிரம் உறுத்தாது, ஆனால் விரல் வீங்கும் உடல்நிலை உள்ளவர்களுக்கு அது தொல்லை.

நிறுவனம் நிலைக்குமா என்பதும் ஒரு கேள்வி. நெற்றியில் பட்டை கட்டி மூளை அலையையே பதிவு செய்த சீயோ என்னும் கருவி 2009-இல் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனம் 2013-இல் மூடப்பட்டது. 2011-இல் மணிக்கட்டுப் பட்டையை வெளியிட்ட ஜாபோன் நிறுவனம் 2017-இல் கலைந்தது. கருவி கையில் இருந்தும், அதன் கணக்கைக் காட்டும் செயலி இல்லையேல் பயன் என்ன?

தோலின் நிறமும் கருதத்தக்கது. மருத்துவமனைகளில் விரல்நுனியில் மாட்டும் உயிர்வளி அளவியைப் பற்றிய ஆய்வொன்று 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. குருதியில் உயிர்வளி குறைந்திருந்தும் அளவி அதனைக் காட்டத் தவறியது, வெள்ளை நிறத்தவரிடம் 3.6 விழுக்காடாகவும், கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடாகவும் இருந்தது. ஒளியைக் கொண்டு அளக்கும் கருவிகளை நம்மவர்கள் அணியும்போது இதனை மறத்தலாகாது.

ஒரு சகோதரியின் கடிதம்

இவற்றையெல்லாம் நாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணமான கடிதம் ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். ஒரு சகோதரி எழுதுகிறார்: அவருடைய கணவருக்கு வயது 52, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்கிறார். இரவில் பெருங்குறட்டை, இடையே குறட்டை சட்டென நின்று, சிறிது நேரம் மூச்சே கேட்காது, பின்பு திணறலோடு மீண்டும் தொடங்கும். பகலில் செய்தித்தாளை விரித்தபடியே கண்ணயர்ந்து விடுகிறார். மருத்துவரைப் பார்க்கலாம் என்று மனைவி அழைத்தால், மகன் வாங்கித் தந்த கடிகாரத்தைக் காட்டி, "86 மதிப்பெண் போட்டிருக்கிறது, பார், எனக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறாராம். "இதைவிட நல்ல கடிகாரம் வாங்கினால் உண்மை தெரியுமா?" என்பது அச்சகோதரியின் கேள்வி.

அன்புள்ள சகோதரி, வேறு கடிகாரம் வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயை ஐயுற வைப்பவை. இந்நோயில், உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்க, குருதியில் உயிர்வளி குறைகிறது, மூளை ஒரு நொடி விழித்து மூச்சை மீட்கிறது, மீண்டும் அடைபடுகிறது. மணிக்கு 15 முறைக்கு மேல் இவ்வாறு நேர்ந்தால் நடுத்தர நிலை என்றும், 30 முறைக்கு மேல் எனின் கடுமையான நிலை என்றும் மருத்துவர்கள் வகுத்துள்ளனர். இக்குறுவிழிப்புகள் உறங்குபவரின் நினைவில் நிற்பதில்லை. மணிக்கட்டு அசையாதபோது கடிகாரமும் அவற்றைப் பெரும்பாலும் உறக்கக் கணக்கிலேயே எழுதிவிடும். நீண்ட நேரம் படுக்கையில் கிடந்தவருக்கு 86 மதிப்பெண் கிடைத்ததில் வியப்பில்லை. உங்கள் கணவர் திணறியதை உங்கள் காது கேட்டது, கடிகாரம் கேட்கவில்லை.

இந்நோய்க்கென்றே சில கடிகாரங்களில் எச்சரிக்கை வசதி வந்துள்ளது உண்மையே. அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாம்சங் நிறுவனத்தின் வசதிக்கும், செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் வசதிக்கும் இசைவளித்தது. ஆனால் அவை நோயை உறுதி செய்பவை அல்ல. மருத்துவரிடம் செல்லுமாறு தூண்டும் அறிவிப்புகளே. அறிவிப்பு வந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறிவிப்பு வராமையால் நோயில்லை எனக் கொள்ளலாகாது.

ஆகவே தாமதமின்றிக் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ, நுரையீரல் மருத்துவரையோ நாடுங்கள். நீங்களும் உடன் சென்று, இரவில் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள்; அது மருத்துவருக்குக் கடிகாரத்தின் கணக்கைவிடப் பெருந்துணையாகும். தேவை எனின் ஆய்வுக்கூடத்திலோ வீட்டிலோ உறக்க ஆய்வு செய்வர். இதற்குச் சிகிச்சை உண்டு. முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் முறையை, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் உருவாக்கி 1981-இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது கையாளப்படுகிறது. உடல் எடையைக் குறைத்தலும், சிலருக்கு ஒருக்களித்துப் படுத்தலும் பயன் தரும். பகலில் கண்ணயர்பவர் வண்டி ஓட்டுவது அவருக்கு மட்டுமன்று, வண்டியில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் இடர். மருத்துவரின் கருத்தை அறியும்வரை வண்டியை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி அவரிடம் கனிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்லுங்கள்.

மதிப்பெண் தரும் கவலை

வீணான ஆறுதல் ஒரு தீங்கெனில், வீணான கவலை மற்றொன்று. நன்றாக உறங்கி எழுந்தவரும், மதிப்பெண் குறைந்திருப்பதைக் கண்டு அன்றெல்லாம் சோர்ந்து போவதுண்டு. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், கருவியின் கணக்கைச் செம்மையாக்க வேண்டும் என்ற கவலையாலேயே உறக்கம் கெட்ட மூவரைப் பற்றி எழுதி, அந்நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' எனப் பெயரும் இட்டனர். அதற்கு முன்பே, 2014-இல் கொலராடோ கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது. மாணவர்களிடம் உண்மைக்குத் தொடர்பின்றி, "உங்கள் கனவு உறக்கம் குறைவு" என்று சிலரிடமும், "மிகுதி" என்று சிலரிடமும் கூறினர். குறைவு எனக் கேட்டவர்கள் அறிவுத்தேர்வில் பின்தங்கினர். உடலைவிடச் சொல்லே அவர்களைச் சோர்வுறச் செய்தது!

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கையில் இக்கருவியைக் கட்டி, நாள்தோறும் மதிப்பெண்ணைக் கேட்டு வதைப்பதைப் பெற்றோர் தவிர்க்கவேண்டும். பள்ளி மதிப்பெண்ணோடு உறக்க மதிப்பெண்ணும் அவர்களுக்குச் சுமையாக வேண்டுமா?

நாம் செய்யத்தக்கவை

கருவி ஏற்கெனவே இல்லத்தில் இருப்பின் தூக்கி எறிய வேண்டுவதில்லை. அது ஓரளவு நம்பத்தக்கவாறு சொல்வது, படுத்த நேரம், எழுந்த நேரம், மொத்த உறக்கம் ஆகியவற்றையே. அவற்றை ஒரு நாளுக்காகப் பார்க்காமல் இரண்டு மூன்று வாரங்களுக்குச் சேர்த்துப் பாருங்கள். ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் ஆகியவற்றின் நிமிடக் கணக்கைப் பொருட்படுத்த வேண்டாம். காலையில் கருவியைப் பார்க்குமுன் உங்களையே கேளுங்கள்: உடல் தெளிந்திருக்கிறதா? பகலில் தூக்கம் வருகிறதா?

கருவி இல்லாதவர்கள் குறைப்பட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரு வாரங்கள், படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த தடவைகள், பகல் தூக்கம், மாலையில் அருந்திய காப்பி தேநீர் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். உறக்க மருத்துவர்களே நோயாளிகளிடம் முதலில் கேட்பது இத்தகைய குறிப்பைத்தான். வளர்ந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என 2015-இலும், 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி, 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என 2016-இலும் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் அறிவுறுத்தியுள்ளது. நம் வீட்டில் விளக்கு அணைக்கும் நேரமும், கைப்பேசிகளை எடுத்து வைக்கும் நேரமும் இதற்கு இசைந்தனவா எனக் குடும்பத்தார் கூடிப் பேசுவது நலம்.

குறட்டையோடு மூச்சுத் திணறல், பகலில் அடக்கவியலாத தூக்கம், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் உறக்கமின்மை, காலைத் தலைவலி ஆகியவை இருப்பின், கருவி என்ன சொன்னாலும் மருத்துவரையே நாடுங்கள். அருகில் உறங்குபவரின் கவலையைக் கேலியாகத் தள்ளிவிடாதீர்கள். இருளில் விழித்திருந்து நம் மூச்சைக் கவனிப்பவர் சொல்வதைக் கேட்பதற்கு மின்னேற்றமும் வேண்டுவதில்லை, சந்தாவும் வேண்டுவதில்லை.